மீனுக்கு ஈடு கிழங்கு

ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பைக் கண்ணால் பார்க்க முடியாது, எடைபோடவும் முடியாது. அதை எப்படி அளப்பது? காய்ச்சலுக்கு வெப்பமானியைப் பார்ப்பதுபோல, பிணைப்பை அறியச் சட்டத்தைப் பாருங்கள் என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம். ஆண்டு 1893.

எல்லாரும் ஒரே வேலை செய்து ஒரே நம்பிக்கையோடு வாழும் இடத்தில், ஒத்திருப்பதே பிணைப்பு. இது 'இயந்திர ஒருமைப்பாடு'. ஒருவர் விதியை மீறினால் எல்லார் மனமும் புண்படும். அங்கே சட்டம் தண்டிக்கும்.

தொழில்கள் பிரிந்தால்? பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776-இல் விவரித்த குண்டூசிப் பட்டறையில் 10 பேர் நாளுக்கு 48,000 ஊசிகள் செய்தார்கள். பத்து மணி நேர வேலை என்று கொண்டால், ஆளுக்கு நிமிடத்துக்கு 8. தனியாளால் நாள் முழுக்க 20 கூட முடியாது. ஆனால் கம்பியின் முனையை மட்டும் கூராக்குகிறவரால், மற்றவர்கள் வராத நாளில் ஓர் ஊசியையும் முடிக்க முடியாது. வேறுபாடுதான் அவர்களைக் கட்டிப்போடுகிறது! உடலுறுப்புகளைப் போன்ற இந்தச் சார்பு 'உயிர்ம ஒருமைப்பாடு'. இங்கே சட்டத்தின் முக்கிய வேலை, கெட்டதைச் சரிசெய்வது: ஒப்பந்தம், நட்டஈடு. ஆக, வேலைப் பிரிவினை வளர வளரத் தண்டிக்கும் சட்டம் சுருங்கி, ஈடுசெய்யும் சட்டம் பெருகும் என்று கணித்தார் துர்க்கெய்ம்.

அழகான கணிப்பு. ஆனால் களத்தில் கிடைத்த சான்றுகள் இன்னும் வியப்பானவை.

முதல் உலகப் போர்க் காலத்தில், இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கினார் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. அங்கே கடலோரத்தார் மீன் தருவார்கள், உள்நாட்டார் கிழங்கு தருவார்கள். ஒவ்வொருவருக்கும் எதிர்ஊரில் ஒரு கூட்டாளி உண்டு. நீதிமன்றம் கிடையாது, காவலர் கிடையாது. இன்று கிழங்கு வாங்கியவர் மீன் தரத் தவறினால் நாளை கிழங்கு வராது. கடனை நிறைவேற்ற வைக்க அதுவே போதும். ஈடுசெய்யும் சட்டத்தின் கூறுகள் எளிய சமூகத்திலேயே முழு உயிரோடு இருந்தன.

1964-இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸும் ஜேம்ஸ் மில்லரும் 51 சமூகங்களை ஒப்பிட்டார்கள். வேலைப் பிரிவினை அரும்பாத பல சமூகங்களிலும் சமரசமும் நட்டஈடும் இருந்தன. தண்டிக்கும் சட்டத்தின் கருவியான காவல் படையோ, வேலைப் பிரிவினை நன்கு வளர்ந்த சமூகங்களில்தான் இருந்தது. துர்க்கெய்ம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு! யோசித்தால் காரணம் புலப்படும். காவலும் ஒரு தனித்தொழில்தான். நாள் முழுக்கச் சட்டத்தைக் காத்து நிற்பவரால் உழுது விதைக்க முடியாது. அவருக்கும் சேர்த்து வேறொருவர் விளைவிக்க வேண்டும்.