ஒற்றையடிப் பாதைகளைக் காப்போம்

செங்கற்பட்டு மாவட்டத்து நெம்மேலி, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலப்பகுதியில் அமைந்த ஊராகும். சவுக்குத் தோப்பும் பனையும் தாழையும் வளரும் இக்கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஏற்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தோப்புகளினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் கால்வாய்க் கரையுமே மக்களுக்கு வழியாக இருந்தன. படகாளிகள் கயிறு கட்டிப் படகை இழுத்தவாறு கால்வாய்க் கரையில் நடந்த காட்சியைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடலில் பாடியுள்ளார்.

படகுப் போக்குவரத்து நின்றுவிட்டது. பாதையின் தேவை நிற்கவில்லை. ஆடுமாடு ஓட்டுவோரும் விறகு சுமப்போரும் மீன் கூடையுடன் செல்லும் பெண்டிரும் இன்றும் குறுக்கு வழியையே நாடுகின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்ததை இக்கடற்கரை மறக்கவில்லை. அத்தகைய வேளையில் மேட்டு நிலத்திற்கு ஓடுவதற்குத் தடையற்ற பாதை உயிர் காக்கும் துணையாகும்.

பாதை எவ்வாறு அழிகிறது? நடமாட்டம் குறைந்த வழியில் சீமைக் கருவேல முள் படர்கிறது. முள் படர்ந்த வழியில் நடமாட்டம் அற்றுப் போகிறது. சில ஆண்டுகளில் அதன்மேல் வேலியும் வந்துவிடுகிறது. அதன்பின் அங்கே பாதை இருந்தது என்பதற்கு முதியோரின் நினைவே சான்றாக எஞ்சுகிறது.

பொதுப் பாதைகளைச் செப்பனிடுவதும் புதர் அகற்றுவதும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சியின் கடமைகளாகும். ஆயினும் ஊராரின் உழைப்புதானமும் சேர்ந்தால்தான் பணி நிலைக்கும். 1952இல் தொடங்கிய சமுதாய நலத் திட்டக் காலத்தில் நம் கிராமங்கள் பல சாலைகளை இவ்வாறே அமைத்துக்கொண்டன. இங்கிலாந்திலும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபாதைகள் வரைபடத்தில் பதிவாயின. தொண்டர் குழுக்கள் அங்கே இன்றும் பாதைகளைப் பேணி வருகின்றன.

முதலில் முதியோருடன் பாதை நெடுக நடந்து பார்க்க வேண்டும். பின்னர்க் கிராம நிருவாக அலுவலரிடம் உள்ள புலப்படத்துடன் ஒப்பிட்டு, எது பொதுப் பாதை என்பதைத் தெளிந்து, கிராம சபையில் தீர்மானம் இயற்றுதல் நன்று. பட்டா நிலமாயின் உரியவரின் இசைவும், காப்புக் காடாயின் வனத்துறையின் அனுமதியும் பெறாமல் அரிவாள் எடுத்தல் கூடாது.

வேலைக்கு உகந்த காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் நெகிழ்ந்திருக்கும் தை மாதமாகும். சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு அகழ்ந்தெடுக்க வேண்டும். அதன் நெற்றுகளைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தால் விதை பரவுமாதலால், ஆண்டுதோறும் புதுக் கன்றுகளைக் களைதல் இன்றியமையாதது. கடலோரத் தாழையையும் அடும்பங்கொடியையும் தொடலாகாது. மணலைப் பிடித்து நிறுத்துபவை அவையே. மழைநீர் பாதை வழியே ஓடி அரிக்காதபடி ஆங்காங்கே சாய்வாக வாய்க்கால் வெட்டிப் பக்கத்தில் வடியவிட வேண்டும். புதரில் பாம்பு இருக்கக்கூடுமாதலால் கோலால் தட்டிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாள் வீட்டுக்கு ஒருவர் வந்தால், நம் முன்னோர் நடந்த வழி நம் மக்களுக்கும் கிட்டும். வரும் கிராம சபையிலேயே இப்பணிக்கு நாள் குறிப்போமாக!