உருகிய அலுமினியத்தின் பின்கட்டு

எண்ணூரின் வார்ப்பாலைகளுக்கும் இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரான திருவொற்றியூருக்கும் உருகிய உலோகம் புதிதல்ல. 660 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அலுமினியம் ஓடத் தொடங்கும். எஞ்சின் உறைகளுக்கு அதில் சிலிக்கான் சேர்ப்பார்கள். அந்தக் குழம்புக்குள் அணுக்கள் எப்படி நிற்கின்றன? எக்ஸ்-கதிர் பாய்ச்சி, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தால் தெரியும். பாடநூலில் அதற்கு வழவழப்பான ஒரு வளைகோடு இருக்குமே, கருவி தருவது அதை அல்ல! வாருங்கள், பின்கட்டுக்குப் போவோம். சுவாரசியமெல்லாம் அங்கேதான்.

முதலில் குழாய். உலோகத்தை வைத்திருக்கும் நுண்குழாயும் கதிரைச் சிதறடிக்கும். துறைமுகச் சாலை எடைமேடையில் வெறும் லாரியின் எடையைக் கழிப்பார்களே, அப்படிக் கழித்துவிட்டால் போதாதா? போதாது! உலோகம் உள்ளே வந்ததும், குழாயிலிருந்து வரும் கதிரில் ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது. சரக்கு ஏறியதும் லாரியே இளைத்துப்போன கதை! எவ்வளவு இளைக்கும் என்று கணக்கிடும் வழியை 1962இல் பால்மனும் பிங்ஸும் தந்தார்கள்.

அடுத்தது காம்ப்டன் சிதறல். எலக்ட்ரானில் மோதி ஆற்றல் இழந்த கதிருக்கு அணுக்களின் அமைப்பைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கோணம் கூடக்கூட அதன் பங்கு ஏறும். அதையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

இவ்வளவும் கழித்து மிஞ்சியதை எப்படி நம்புவது? எனக்குச் சிலிர்ப்பதே இங்கேதான். ஃபூரியே மாற்றம் செய்து, ஓர் அணுவிலிருந்து எத்தனை தூரத்தில் அடுத்த அணு என்று வரைகிறோம். உருகிய அலுமினியத்தில் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம். அதற்கு வெகு முன்னால் கோடு பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டும். ஓர் அணுவின் மேல் இன்னொன்று ஏற முடியாதே! அங்கே அலையடித்தால் திருத்தத்தில் பிழை, அல்லது அளவீடு பாதியில் நின்றிருக்கிறது.

கலவை என்றால் சிக்கல் கூடும். அலுமினியத்துக்கு 13 எலக்ட்ரான், சிலிக்கானுக்கு 14. எக்ஸ்-கதிருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே முகம்!

இந்தச் சிதறல் வளைகோட்டின் அருமையை முன்பே கண்டவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராயபுரத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுனில் அன்று இருந்த கிறித்தவக் கல்லூரியில் படித்து, அங்கேயே வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்தவர். 1945இல் அவரும் ஏ. பி. பாட்டியாவும், உருகிய உலோகத்தின் மின்தடையை எக்ஸ்-கதிர்ச் சிதறலோடு இணைத்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கோடு பிழைத்தால் மின்தடைக் கணக்கும் பிழைக்கும்.

மாணவர்களே, அடுத்த முறை ஓர் அழகான வளைகோட்டைக் காட்டினால், திருத்துவதற்கு முந்தைய கோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.