இருண்ட திரையும் இயங்கும் யந்திரமும்

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. கணிப்பொறியில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தப் பழமொழிக்கு இப்பொழுது ஒரு புதுப் பொருள் உண்டாகியிருக்கிறது. ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். திடீரென்று திரை கறுத்துவிடும். விசிறி மட்டும் இரைந்து சுழலும். பிள்ளை திகைத்து நிற்பான். "இதற்குத்தான் அப்பொழுதே சொன்னேன்" என்பார் தந்தையார். பிறகு யந்திரம் பழுது பார்ப்பவரிடம் போகும்; அவர் ஒரு பெருந்தொகையைச் சொல்வார். இக்காட்சி எந்த ஊரிலும் அதிகம் மாறுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் விடுமுறையில் அகளியிலுள்ள என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அகளி, கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைநாட்டில் இருக்கிறது. மேற்கே மண்ணார்க்காட்டிலிருந்து மலைப்பாதை ஏறியும், கிழக்கே கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் அங்கே செல்லலாம். தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் ஒரே கடைவீதியில் புழங்கும் இடம் அது. தமக்கையாரின் மகன் கல்லூரியில் முதலாண்டு மாணவன். ஒரு பருவத்துப் பாக்கு விற்ற பணத்தில் அவனுக்குக் கைமாறி வந்த கணிப்பொறி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பாடமும் அதிலேதான்; ஆட்டமும் அதிலேதான்.

நான் போன சமயம் அந்தத் திரை கறுத்துப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. நகரத்துக் கடையில் காட்டியபோது, "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். அதன் விலையோ யந்திரத்தையே வாங்கிய விலையில் பாதிக்கு மேல். வந்த விலைக்கு விற்றுவிடுவது என்று தமக்கையார் கணவர் தீர்மானித்திருந்தார். அடுத்த வாரம் கல்லூரியில் கொடுக்கவேண்டிய பாடவேலை முழுவதும் அதற்குள்ளே இருந்தது என்பதைச் சொல்லவும் பையனுக்குத் துணிவில்லை.

நான் பொறியாளன் அல்லன். சர்க்கார் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது என் தொழில். ஆயினும் அத்தொழில் ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுமுன், அது குறிக்கும் பொருள் ஒன்றா பலவா என்று பார்க்கவேண்டும். 'கிராஷ் ஆகிவிட்டது' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, ஆட்டம் மட்டும் தானாக மூடிக்கொள்ளும். யந்திரத்தின் மற்றக் காரியங்கள் ஒழுங்காக நடக்கும். இரண்டாவது, படம் அப்படியே உறைந்து நிற்கும். இதைத்தான் 'ஹேங்' என்கிறோம். மூன்றாவது, திரை கறுத்துவிடும். ஆனால் ஒலி கேட்கும், விசிறி ஓடும். நான்காவது, யந்திரம் முழுவதும் சட்டென்று அணையும், அல்லது அணைந்து தானே மறுபடியும் தொடங்கும். முதல் வகையில் ஆட்டத்தின் கோப்புகளையும் டிரைவர் மென்பொருளையும் முதலில் ஐயுற வேண்டும். நான்காம் வகையில் மின்சாரத்தையும் உஷ்ணத்தையும் முதலில் ஐயுற வேண்டும். இடையிலுள்ள இரண்டும் எந்தப் பக்கமும் சாயக்கூடியவை. ஆகவே பழுதுக்குச் சரியான பெயர் வைப்பதே பாதி வைத்தியம்.

ஏன் அப்படி என்பதை அறிய, திரையில் படம் தோன்றும் விதத்தைச் சிறிது பார்க்கவேண்டும். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பிராசஸர் என்னும் தலைமைப் பாகம் கணக்கிடுகிறது. அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. சாதாரண மானிட்டர் ஒன்றில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080, ஆக 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படங்கள் வீதம் வரைந்தால் 12 கோடிக்கு அதிகமான புள்ளிகளுக்கு ஒவ்வொரு வினாடியும் நிறம் தீட்டியாக வேண்டும். இவ்வளவு வேலை செய்யும் பாகம் சூடேறுவதில் வியப்பில்லை. வரைந்த படம் கேபிள் வழியாக மானிட்டரை அடைகிறது. இவை அனைத்திற்கும் உணவளிப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி, நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

டிரைவர் என்பது என் இனத்தைச் சேர்ந்தது. அது ஒரு மொழிபெயர்ப்பாளன். ஆட்டம் இடும் கட்டளையைக் கார்டு அறியும் மொழியில் அது சொல்லுகிறது. கொடுத்த வேலைக்குக் கார்டு இரண்டு வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் பொறுமை இழந்து, டிரைவரையும் கார்டையும் புதிதாகத் தொடங்கிவைக்கும். திரை ஒரு கணம் கறுத்து மீள்வதன் காரணம் பல சமயங்களில் இதுவே. மீளாமலே போனால்தான் நாம் தேடத் தொடங்கவேண்டும்.

தேடுவதற்கு இரண்டே விதிகள். செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குப் போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, கண்டதை எழுதிவைக்க வேண்டும். நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு யந்திரம் குணமானால், எது குணப்படுத்தியது என்று தெரியாது. பழுது திரும்பி வந்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்போம்.

அகளி வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருமகனோடு உட்கார்ந்தேன். எல்லாவற்றிற்கும் முன்னதாக அவனுடைய பாடவேலையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்தோம். யந்திரத்தை மறுபடி வாங்கலாம். எழுதியதை மறுபடி எழுதுவது கடினம்.

முதலில் கேபிளைப் பார்த்தோம். தனிக் கார்டு உள்ள யந்திரத்தில் மானிட்டரின் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும், தாய்ப்பலகையில் அன்று. அதைக் கழற்றி மாட்டி அழுத்தினோம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளோடு பி என்ற விசையையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். சில வேளைகளில் கறுத்த திரை அதனாலேயே தெளிந்துவிடும். ஆல்ட், என்டர் என்ற இரண்டையும் அழுத்தினால் பல ஆட்டங்கள் முழுத்திரையிலிருந்து சிறு சாளரத்திற்கு மாறும். திரையளவு பொருந்தாமையால் வந்த இருள் அப்பொழுது விலகும். எங்களுக்கு இவை எவையும் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்பதையும் எழுதிவைத்தோம்.

அடுத்து ஆட்டத்தின் கோப்புகள். ஸ்டீம் போன்ற விற்பனை நிலையங்களில் வாங்கிய ஆட்டமானால், கோப்புகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வசதி அதிலேயே உண்டு. சரிபார்த்தோம், குறை இல்லை. பிறகு டிரைவர். கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதை இறக்கிக்கொள்ள வேண்டும். வேறு தளங்களை நம்பலாகாது. புதியது எப்பொழுதும் நல்லது என்பதும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத்திரை காட்டி நின்றதையும், நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் பழுது ஒரு புதுப்பிப்புக்குப் பின் தொடங்கியதானால், முந்தைய டிரைவருக்கே திரும்பிப் பார்ப்பது நலம். நாங்கள் டிரைவரை நீக்கிப் புதிதாக நிறுவினோம். திரை மறுபடியும் கறுத்தது, பன்னிரண்டு நிமிஷத்தில்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு. பழைய சதுரங்க ஆட்டமொன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், ஒன்றும் நேரவில்லை. பெரிய ஆட்டத்தில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தோம். பன்னிரண்டு நிமிஷம் இருபத்தைந்தாக நீண்டது. "மாமா, கறுப்பதற்கு முன் படம் கொஞ்ச நேரம் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது" என்றான் பையன். அதை அவன் கடையில் சொன்னானா என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லை" என்றான். சூடு மிகுந்தால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்பொழுது படம் தடுக்கும். அதற்கும் அடங்காவிட்டால் வேலையை நிறுத்திவிடும். வேலை மிகுந்தால் விரைவிலும், வேலை குறைந்தால் தாமதமாகவும் வருகிற நோய் பெரும்பாலும் உஷ்ண நோயே.

யந்திரம் தானே எழுதும் நாட்குறிப்பு ஒன்றும் உண்டு. ஈவென்ட் வியூவர் என்பது அதன் பெயர். எந்த நேரத்தில் எது நின்றது என்பது அதில் பதிவாகியிருக்கும். அதில் 'கெர்னல் பவர் 41' என்று கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். முறைப்படி அணைக்காமல் யந்திரம் நின்றுபோயிற்று என்பதே அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை. வீட்டில் மின்னழுத்தம் தாழ்வதும், எஸ்.எம்.பி.எஸ். பலம் போதாமையும், உஷ்ணமும் எல்லாம் அந்த ஒரே குறிப்பை எழுதச் செய்யும்.

முறையிடும் பாகமே குற்றவாளி என்று எண்ணக்கூடாது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். இன்டெல் நிறுவனத்தின் 13-ஆம், 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் சிலவற்றில் ஆட்டங்கள் அடிக்கடி நின்றன. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று திரையில் பிழைச்செய்தி வரும். படித்தவர்கள் இயல்பாகவே கார்டை ஐயுற்றார்கள். உண்மையில் பிராசஸர் தனக்குத் தேவையானதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுச் சிதைந்துகொண்டிருந்தது. 2024-ல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் தாய்ப்பலகையின் பயாஸ் வழியே திருத்தம் வழங்கியது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே சிதைந்தவற்றை அத்திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் பெறவேண்டும். கார்டைக் குறைகூறிப் புதிது வாங்கியவர்களுக்குப் பணம் போயிற்றே தவிர, பழுது போகவில்லை.

அகளிக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் கார்டின் உஷ்ணம் தெரியும். ஆட்டம் தொடங்கியபோது 60 டிகிரிக்குள் இருந்தது, பத்து நிமிஷத்தில் 90-ஐத் தாண்டிற்று. யந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினோம். அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். காற்றுக் காலத்தில் புழுதிக்குப் பஞ்சமில்லை. கார்டின் உலோக மடிப்புகளில் அந்தப் புழுதி கம்பளி போலப் படிந்திருந்தது. இரண்டு விசிறிகளில் ஒன்று சிக்கிச் சுழலவேயில்லை. முதலில் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொண்டு, விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் மெல்லத் துடைத்தோம். அன்றிரவு இரண்டு மணி நேரம் ஆட்டம் ஓடியது. உஷ்ணம் 75 டிகிரியைத் தாண்டவில்லை. செலவு, ஒரு தூரிகையின் விலை.

எல்லா வீட்டிலும் முடிவு இப்படியே இருக்கும் என்று சொல்லமாட்டேன். தூசி துடைத்தும் தீராவிட்டால் ராம் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். விண்டோஸிலேயே நினைவகச் சோதனையும் இருக்கிறது. நண்பர் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் ஒருகாலும் திறக்கலாகாது; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அதற்குள் தங்கியிருக்கக்கூடும். இவ்வளவுக்கும் பிறகு கார்டுதான் கெட்டது என்று தெரிந்தால் வாங்கவேண்டியதுதான். அப்பொழுது கொடுக்கும் பணம், அறிந்து கொடுக்கும் பணம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. பழுது பார்ப்பவரின் மொழி நமக்குச் சரளமாக வராத ஊரில், "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லி நிற்பவன் அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியவனாகிறான். எந்த ஆட்டம், எத்தனை நிமிஷம், ஒலி நின்றதா, விசிறி ஓடியதா, என்னென்ன செய்து பார்த்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறவனிடம் எந்தக் கடைக்காரரும் நிதானமாகத்தான் பேசுவார். தொலைவிலிருந்து பிள்ளை தொலைபேசியில் முறையிட்டாலும், கோபிப்பதற்கு முன் இவற்றையே கேளுங்கள்.

பாடவேலை உரிய நாளில் கல்லூரிக்குப் போயிற்று. நான் புறப்பட்ட அன்று தமக்கையார் கணவர் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து மோட்டாரும் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். அதற்கும் இப்படி ஒரு கணக்கு எழுதிப் பார்க்கலாமா என்று மகனிடம் கேட்டார்.