ஆள் கூடினால் வேலை விரையுமா?

10 ஆட்கள் 12 நாட்களில் முடிக்கும் வேலையை 20 ஆட்கள் 6 நாட்களில் முடிப்பர் என்று பள்ளிக் கணக்கில் படித்திருப்பீர்கள். கணிப்பொறி நிரல் எழுதும் வேலைக்கு இக்கணக்குப் பொருந்தாது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் 1960-களில் ஓ.எஸ்/360 என்னும் பெரிய நிரல் தொகுதியை உருவாக்கும் பணியை வழிநடத்தியவர் பிரெடெரிக் புரூக்ஸ். அப்பணி காலந்தாழ்ந்தது. பிந்திவிட்ட நிரல் பணியில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் பிந்தும் என்று 1975-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார்.

காரணம் என்ன? ஒருவர் எழுதும் பகுதி பிறர் எழுதும் பகுதிகளோடு இணைய வேண்டும். எனவே அவர்கள் கலந்து பேசியாக வேண்டும். 5 பேருக்கிடையே 10 தொடர்புகள் அமையலாம்; 10 பேருக்கிடையே 45; 20 பேருக்கிடையே 190! புதியவருக்குக் கற்பிப்பதில் பழையவரின் நேரமும் செலவாகிறது.

ஆகவே, திட்ட மேலாளருக்கு நிரலறிவு மட்டும் போதாது. யார் யாரிடம் பேச வேண்டும் என வகுத்தல், ஐயங்களைப் பொறுமையாகக் கேட்டல், தாமதச் செய்தி கொண்டு வருபவரிடம் சினவாதிருத்தல், அச்செய்தியை மேலிடத்தில் துணிந்து கூறல் ஆகியனவும் வேண்டும். தாமதத்தை முதல் வாரத்தில் அறிந்தால் வேலையைக் குறைக்கலாம், கெடுவை மாற்றலாம். கடைசி வாரத்தில் அறிந்தால் வருந்தத்தான் முடியும்.