உள்ளங்கை அளவு குட்டி, 6 அடி தொட்டி: கடல் ஏஞ்சல் மீன் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

கடையில் பார்க்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல. 'எம்பரர் ஏஞ்சல்' என்ற கடல் மீனின் குட்டி இது. வீட்டில் இருக்கும் 3 அடி தொட்டியே போதும் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த வளையங்கள் நிலைக்காது. சில வருஷங்களில் அவை மறைந்து, உடம்பு முழுக்க மஞ்சளும் நீலமுமாகப் படுக்கைக் கோடுகள் வந்துவிடும். இரண்டும் ஒரே மீன் என்று நம்புவதே கஷ்டம். விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் இதன் குட்டியைத் தனி இனம் என்று நினைத்து, நிக்கோபார் தீவின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

நிறம் மட்டுமா மாறும்? கடலில் இது 40 செ.மீ. வரை வளரும். இந்தியா, இலங்கைக் கடலோரங்களில் உள்ள 'புளூ ரிங் ஏஞ்சல்' 45 செ.மீ. வரை போகும். அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை அடி.

நம்ம ஊர் ஏஞ்சல் வேற, இது வேற

சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் 'ஏஞ்சல்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது நன்னீர் ஏஞ்சல். முக்கோணமாக, நீண்ட துடுப்போடு இருக்கும். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. பண்ணைகளில் குஞ்சு பொரிக்கவைத்து விற்கிறார்கள். பெயரைத் தவிர, கடல் ஏஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய கடல் ஏஞ்சல்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளில் இருந்து பிடித்துக் கொண்டுவரப்படுபவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேல் வாழும். அதனால் தொட்டியைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது இன்றைய குட்டியை அல்ல, நாளைக்கு வளரப்போகும் மீனை.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

குறைந்தது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். இதில் சுமார் 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இடமும் பணமும் இருந்தால் 8 அடி நீளம், இரண்டரை அடி அகலம் இன்னும் நல்லது.

உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் முக்கியம். கடைகளில் ஒல்லியாக, உயரமாக நிற்கும் தொட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏஞ்சல் நாள் முழுக்கப் பாறை இடுக்குகளில் புகுந்து, பக்கவாட்டில் நீந்தித் திரியும் மீன். ஒன்றரை அடி மீன் ஒன்றேகால் அடி அகலத்தில் எப்படித் திரும்பும்? அகலம் இருந்தால்தான் பாறைகளைக் குகை மாதிரி அடுக்கி, சுற்றிலும் நீந்த வழியும் விட முடியும். உயரம் 3 அடியானால் சுத்தம் செய்யக் கை அடிவரை எட்டாது.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். சின்னத் தொட்டியில் கழிவு சீக்கிரம் சேரும், தண்ணீர் கெடும், மீன் நோயில் விழும். வளர்ச்சி நிற்பது அதனால்தான். சிலவற்றுக்குத் தலையிலும் பக்கவாட்டிலும் தோல் அரித்துப் பள்ளம் விழுவதும் உண்டு.

வீட்டுத் தளம் தாங்குமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. 680 லிட்டர் உப்புத் தண்ணீரே கிட்டத்தட்ட 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட், கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்த்தால் 1 டன்னை நெருங்கும். ஒரு சின்ன காரை ஹாலில் நிறுத்துவதுபோலத்தான்!

வீடுகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. இந்தத் தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். 200 என்பது அறை முழுவதும் பரவும் பாரத்துக்கான கணக்கு என்பதால், தொட்டி வைத்த மறுநிமிஷமே தளம் விரிசல் விடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மாடி வீட்டிலும் அபார்ட்மென்ட்டிலும் கட்டட இன்ஜினீயரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது. தரைத்தளம் பாதுகாப்பு. மாடி என்றால் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. அறையின் நடுவில் வேண்டவே வேண்டாம். கண்ணாடியும் 12 மி.மீ. தடிமனுக்குக் குறையக் கூடாது.

வெயிலும் கரண்ட் கட்டும்

தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சென்னை மே மாத வெயிலில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரும் தேவை; ஏஞ்சல் நிறையச் சாப்பிடும், நிறையக் கழிக்கும். கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், முதல் முறை நிரப்பவே 24 கிலோ உப்பு வேண்டும். சமையல் உப்பு அல்ல, கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. பிறகு 100 லிட்டர் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மூன்றரை கிலோ. செலவுக் கணக்கில் இதையும் சேர்க்கணும்.

தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாது. கழிவை உடைக்கும் பாக்டீரியா பெருக ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன்.

கூட யாரை விடலாம்?

ஒரு தொட்டிக்கு ஒரு பெரிய ஏஞ்சல் போதும். இரண்டு விட்டால் இடத்துக்காகச் சண்டை நிச்சயம். பவளத் தொட்டி வைத்திருப்பவர்களும் யோசிக்கணும். கடலில் கடற்பஞ்சுகளைக் கொறித்துத் தின்னும் மீன் இது. வீட்டில் விலையுயர்ந்த பவளத்தையும் விட்டுவைக்காது.

'பெருசானதும் பார்த்துக்கலாம்' என்று சின்னத் தொட்டியில் விட்டவர்கள், பின்னால் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தால் தவிக்கிறார்கள். அதற்காகக் கடலில் கொண்டுபோய் விடுவதும் சரியல்ல. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கே உரிய எம்பரர் ஏஞ்சல், அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலோரத்திலும் தென்பட்டது இப்படி விடப்பட்டதால்தான் என்று கருதப்படுகிறது. வாங்கும் முன்பே, வளர்ந்த மீனை எடுத்துக்கொள்ளப் பெரிய தொட்டி உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். அப்படி இடம் மாற்றும்போது வலை போட்டுப் பிடிக்க வேண்டாம். இதன் கன்னத்தில் ஒரு கூர்மையான முள் இருக்கிறது. அது வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், பிடிப்பவர் கைக்கும் காயம். பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து அள்ளுவதே வழி.