சுரண்டிய பெயின்ட் எங்கே போகிறது?

ஆரோவில்லை ஒட்டிய பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி கரைகளில் ஃபைபர் படகுகளை மணலில் ஏற்றி வைக்கிறார்கள். வெயிலில் காயும் அடிப்பாகத்தில் கொட்டலசு என்ற ஒட்டுயிர் நிலைப்பதில்லை. கட்டுமரக் காலத்திலும் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைத்தார்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகம் போன்ற இடங்களில் தண்ணீரிலேயே நிற்கும் விசைப்படகுகளுக்கு அந்த வாய்ப்பில்லை. அடியில் பாசியும் கொட்டலசும் அப்பினால் வேகம் குறையும், டீசல் கூடுதலாகும். அதைத் தடுக்க அடிக்கும் பெயின்டில் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு இருக்கும். அது கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒட்ட வரும் உயிர்களைக் கொல்லும். கொல்வதற்கென்றே செய்த பொருள் என்பதால், பழைய பூச்சை அகற்றுவதை வெறும் துப்புரவு வேலையாக எண்ணக்கூடாது. நஞ்சைக் கையாளும் வேலையாகவே எண்ண வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்க ஏற்ற காலமும் அதுவே. பல மாதங்களாகச் சிறுகச் சிறுகக் கசிந்திருக்க வேண்டிய செம்பு, சுரண்டும்போது ஒரே நாளில் தூளாக மண்ணில் விழுகிறது. அடுத்த மழையில் நீரில் சேர்கிறது. கடல் பெரிது, இந்தத் தூள் எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் படகுகள் ஒதுங்குவது நடுக்கடலில் அல்ல, முகத்துவாரங்களில். இறால், நண்டுக் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். மரக்காணம் உப்பளங்களை அடுத்த கழுவேலி ஏரி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதுவும் முகத்துவாரம் வழியாகவே கடலோடு கலக்கிறது. அரைமூடிய நீர்நிலை எப்படிப் பாதிக்கப்படும் என்பதற்குப் பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடா சான்று. படகடிப் பெயின்டில் இருந்த டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மத்தால் 1970களின் இறுதியில் அங்கே சிப்பி வளர்ப்பு நொடிந்தது. 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்த பிறகே சிப்பிகள் மீண்டன. உலகளாவிய தடை உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

கவனமாகச் செய்தால் செலவு கூடும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அவசரமாகக் கிரைண்டர் பிடித்தால் ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட் அறுபட்டு நீர் ஊறும். பிறகு வரும் பழுது அதைவிடப் பெரிய செலவு. பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டிய தேவையும் எப்போதும் இல்லை. உறுதியாக ஒட்டியிருந்து, புதிய பெயின்டும் அதற்குப் பொருந்துமானால், பெயர்ந்த இடங்களை மட்டும் சுரண்டி மற்றதை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் போதும். தார்ப்பாய் விரித்து, நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. தேய்ப்பவரின் நுரையீரலும் தப்பும். அப்போதும் முகக்கவசம் வேண்டும். வழிந்த நீரையும் சேகரிக்க வேண்டும்.

சேகரித்ததை எங்கே கொடுப்பது? இதற்கு மீனவர் தனியாக விடை தேட முடியாது. துறைமுகம் கட்டும் அரசு, ஏலக்கூடத்தையும் ஐஸ் கிடங்கையும் போலவே, வடிகுழியுள்ள சிமென்ட் தளத்தையும் அபாயகரக் கழிவு சேகரிப்பையும் சேர்த்தே கட்டித் தர வேண்டும். மீன் பெருகட்டும் என்று 61 நாள் வருமானத்தை விடும் மீனவருக்கு, அந்த நாள்களிலேயே மீன்குஞ்சு வளரும் நீர் நஞ்சாகாமல் காக்கும் வசதியைக் கேட்க முழு உரிமை உண்டு.