பிங்க் அட்டை, நீல அட்டை
இளங்குடியரசின் கதை – 6

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடான சிங்கப்பூரில் தமிழுக்குக் கிடைத்த இடத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழி. முதல் வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம். மொழிக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த மொழியைப் பேசிய கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

அதற்கு விடை தேட, லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவை விட்டு வடக்கே செம்பவாங் போக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அங்கேதான் இருந்தது. தமிழர்களும் மலையாளிகளும் பெருந்திரளாக வேலை பார்த்த இடம். தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ், மாதச் சம்பளம், ஊருக்கு மணியார்டர். வாழ்க்கை அந்த வேலியை ஒட்டியே ஓடியது.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்த காலம் அது. அரசு பதறி நிற்கவில்லை. கப்பல் பட்டறையை ஒரு டாலர் பெயரளவு விலைக்கு வாங்கி, செம்பவாங் கப்பல் கட்டும் நிறுவனமாக்கியது. அதே ஆண்டு வேலைநியமனச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்பது பொது விதியானது. விடுமுறைகள் குறைந்தன, பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசமும் போனது.

ஆட்குறைப்பு வந்தபோது ஒருவர் கையில் இருந்த அடையாள அட்டையின் நிறம் அவர் விதியை எழுதியது. குடிமகனுக்கு பிங்க், மற்றவருக்கு நீலம். வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் குடியுரிமை அற்றவர் புது வேலையில் சேர முடியாத காலம் அது. மனைவி மக்களை ஊரில் வைத்துவிட்டு வந்தவர்களில் பலர் குடியுரிமைக்கு மனுப் போடவே இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நிலையில், மனுப் போடுவது ஊரை விட்டுக்கொடுப்பது போலத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பலர் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பலேறினார்கள். 1957-ல் சுமார் 9 சதவீதமாக இருந்த இந்தியர் பங்கு 1970-ல் 7 ஆகவும், 1980-ல் 6.4 ஆகவும் இறங்கியதில் இவர்களுக்கும் பங்குண்டு.

பிங்க் அட்டையோடு தங்கியவர்களுக்கு வேறு கதை. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கலாம் என்றானது. குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளை சொந்த வீட்டுச் சாவியைக் கையில் வாங்கியது. இதைச் சிறிய சாதனை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் இந்தக் குடியரசின் வரலாறு முழுமை பெறும். தளத்தில் வியர்வை சிந்தியதில் இரு நிற அட்டைக்காரர்களுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் வெற்றிக் கதையில் இடம் பெறுபவர்கள் தங்கியவர்கள் மட்டுமே. திரும்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தஞ்சையிலும் நாகையிலும் இருப்பார்கள். அவர்கள் தாத்தாக்களின் உழைப்பும் இந்த நாட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. அதை நம் பாடநூல்கள் பெயர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்த வாரம்: அடுக்குமாடிக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், மூடப்பட்ட தமிழ்ப் பள்ளிகளும்.

(தொடரும்)